காலக்கெடு வைத்த தள்ளுபடிகள்: இணையச் சந்தையில் புதிதாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இணையச் சந்தையில் ஒரு பொருளின் பக்கத்தைத் திறந்ததும், விலைக்கு மேலே ஒரு கடிகாரம் நொடிநொடியாகக் குறைந்துகொண்டு வருகிறது. அதன் அருகில் குறுக்குக்கோடு போட்ட பழைய விலையும் புதிய விலையும் இருக்கின்றன. கீழே ‘இன்னும் சில மட்டுமே உள்ளன’ என்று ஒரு வரி. இவை மூன்றும் சேர்ந்து, உடனே முடிவெடுக்கும்படி வாங்குபவரை நெருக்குகின்றன. இத்தகைய சலுகைகளில் உண்மையிலேயே நல்ல விலைக்குக் கிடைப்பவை நிறைய உண்டு. பெயருக்குத் தள்ளுபடி, விலையோ வழக்கமான விலை என்றிருப்பவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியும் வேலையில் பெரும்பகுதியைக் கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே முடித்துவைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. கீழே உள்ள படிகள் எல்லாம் அதிலிருந்து வந்தவையே.

முதலில், தள்ளுபடி யாருடையது என்று பாருங்கள்

அமேசான், ஈபே, எட்சி, அலிஎக்ஸ்பிரஸ் போன்றவை பார்வைக்கு ஒரே கடையாகத் தெரிந்தாலும், அவற்றில் சந்தையை நடத்தும் நிறுவனம் வேறு, பெரும்பாலான பொருள்களை விற்பவர்கள் வேறு. ஆகவே ஒரு தள்ளுபடியைப் பார்த்ததும், அதை அறிவித்தவர் சந்தையா, தனி விற்பனையாளரா என்று தெரிந்துகொள்வது அவசியம். பொருளைத் திருப்பி அனுப்பும்போதும், கூப்பன் செல்லாமல் போகும்போதும் யாரிடம் பேச வேண்டும் என்பது இதைப் பொறுத்தே அமையும்.

சந்தை முழுவதற்குமான பெருவிற்பனைகள் முன்கூட்டியே அறிவிக்கப்படுபவை. அலிபாபா 2009-இல் தொடங்கிய நவம்பர் 11 விற்பனையும், அமேசான் 2015 ஜூலையில் தொடங்கிய பிரைம் டே விற்பனையும் இந்த வகையைச் சேர்ந்தவை. தேதி தெரிந்திருப்பதால் ஆயத்தம் செய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். சில மணி நேரத்திற்கு மட்டும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மட்டும் வரும் மின்னல் சலுகைகள் இன்னொரு வகை. இவற்றில் ஒதுக்கிய எண்ணிக்கையில் எத்தனை விழுக்காடு போய்விட்டது என்று ஒரு பட்டை காட்டும். அது நிரம்பிவிட்டால் கடிகாரத்தில் நேரம் மீதி இருந்தாலும் சலுகை கிடைக்காது. மூன்றாவதாக, ஒரு விற்பனையாளர் தன் கடையில் உள்ள பொருள்களுக்கு மட்டும் சில நாள்களுக்கு விலையைக் குறைத்து வைப்பதுண்டு.

புதியவர்கள் அதிகம் அறியாத வகை ஒன்றும் இருக்கிறது. ஈபேயிலும் எட்சியிலும், ஒரு பொருளை விருப்பப் பட்டியலில் சேர்த்தவர்களுக்கோ, கார்ட்டில் வைத்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கோ விற்பனையாளர் தனியாக ஒரு சலுகையை அனுப்ப முடியும். அது எல்லோருடைய கண்ணிலும் படாது. குறிப்பிட்ட காலத்திற்குள் ஏற்காவிட்டால் காலாவதியாகிவிடக்கூடும். அவசரமில்லாத பொருளாக இருந்தால், உங்கள் கணக்கில் உள்நுழைந்த நிலையில் அதை விருப்பப் பட்டியலில் சேர்த்துவிட்டுச் சில நாள்கள் காத்திருப்பது நல்ல பழக்கம். சலுகை வந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் காத்திருப்பதால் இழப்பும் இல்லை.

விற்பனையாளர் ஏன் விலையைக் குறைக்கிறார் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புதிய மாடல் வரப்போவதால் பழைய சரக்கைத் தீர்க்க நினைக்கலாம். பருவம் முடிந்த பொருளைக் கிடங்கில் வைத்திருக்கும் செலவைத் தவிர்க்க நினைக்கலாம். புதிதாகப் பட்டியலிட்ட பொருளுக்கு முதல் சில விற்பனைகளும் மதிப்புரைகளும் வேண்டியிருக்கலாம். காரணம் புலப்படும் தள்ளுபடியை நம்புவது எளிது. எந்தக் காரணமும் தெரியாமல் ஆண்டு முழுவதும் ‘இன்று மட்டும்’ என்று ஓடிக்கொண்டிருக்கும் தள்ளுபடியில் காட்டும் புதிய விலைதான் அந்தப் பொருளின் இயல்பான விலை.

கடிகாரம் ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

தேவைப்படும் பொருள்களின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக நீங்கள் தரத் தயாராக இருக்கும் உச்ச விலையைக் குறித்துவையுங்கள். இந்த எண்ணை அமைதியாக இருக்கும்போது தீர்மானிப்பது முக்கியம். ஏனென்றால் திரையில் முதலில் கண்ணில் படும் எண்ணே நம் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுத்துவிடும். உளவியலாளர்கள் அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த நங்கூர விளைவைத் தெளிவாக விளக்கியது. உங்கள் எண் முன்பே தாளில் இருந்தால், விற்பனையாளர் காட்டும் பழைய விலை உங்களுக்கு அளவுகோலாகாது.

பொருளின் பெயரோடு மாடல் எண்ணையும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தோற்றமுள்ள இரண்டு மாடல்களில் ஒன்று பழைய தலைமுறையாகவோ கொள்ளளவு குறைந்ததாகவோ இருப்பது சாதாரணம். அவசரத்தில் அதைக் கவனிப்பது கடினம்.

அடுத்து விலை வரலாறு. அமேசானில் உள்ள பொருள்களுக்கு கீபா, கேமல்கேமல்கேமல் ஆகிய தளங்கள் கடந்த கால விலைகளை வரைபடமாகக் காட்டுகின்றன. குறிப்பிட்ட விலைக்குக் கீழே இறங்கினால் தகவல் அனுப்பும்படியும் அவற்றில் அமைக்கலாம். வரைபடத்தைப் பார்க்கும்போது மிகக் குறைந்த விலையை மட்டும் பார்க்காமல், பெரும்பாலான நாள்களில் விலை எங்கே நின்றது என்று பாருங்கள். என்றோ ஒரு நாள் தொட்ட அடிவிலைக்காகக் காத்திருப்பது வீண். வழக்கமான விலையோடு ஒப்பிட்டால்தான் இன்றைய தள்ளுபடியின் அளவு தெரியும். இத்தகைய தளங்கள் இல்லாத சந்தைகளில், வாங்க நினைக்கும் பொருளின் விலையை வாரம் ஒரு முறை தேதியோடு குறித்துவந்தாலே போதுமானது.

முகவரி, கைபேசி எண், பணம் செலுத்தும் முறை ஆகியவற்றைக் கணக்கில் முன்பே சேர்த்துச் சரிபார்த்துவிடுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குறுக்குக்கோடு போட்ட விலையை எப்படிப் படிப்பது

தள்ளுபடியைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒற்றை எண்ணில்தான் இருக்கிறது. அந்த எண் உற்பத்தியாளர் பரிந்துரைத்த விலையாக இருக்கலாம். அதே விற்பனையாளர் சென்ற மாதம் விற்ற விலையாக இருக்கலாம். வேறு விற்பனையாளர்கள் கேட்கும் விலையாகவும் இருக்கலாம். விலையின் அருகில் உள்ள சிறிய குறியைத் தொட்டால் பல சந்தைகளில் அது எந்த விலை என்ற விளக்கம் வரும். உற்பத்தியாளர் பரிந்துரைத்த விலைக்கு யாருமே அந்தப் பொருளை விற்றிருக்க மாட்டார்கள் என்ற நிலையும் உண்டு என்பதால், அதிலிருந்து கணக்கிட்ட விழுக்காட்டுக்கு அதிக மதிப்பு கொடுக்க வேண்டாம்.

ஒரு பொருள் வழக்கமாக 800-க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக்கு இரண்டு வாரங்களுக்கு முன் அதன் விலை 1200 ஆகிறது. விற்பனை நாளில் ‘33% தள்ளுபடி’ என்ற பட்டையோடு 804-க்கு வருகிறது. பக்கத்தில் எழுதியிருக்கும் எந்த எண்ணும் பொய்யில்லை. 1200 என்பது உண்மையாகவே இரண்டு வாரம் இருந்த விலைதான். ஆனாலும் வாங்குபவர் வழக்கத்தைவிட 4 அதிகமாகக் கொடுக்கிறார். விலை வரலாற்று வரைபடத்தில் இது விற்பனைக்குச் சற்று முன் எழும் ஒரு மேடு போலத் தெரியும். அந்த மேட்டை ஒரு முறை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு எங்கே பார்த்தாலும் தெரிந்துவிடும்.

இந்த உத்தியைத் தடுக்கவே ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது; அது 2022 மே 28 முதல் நடைமுறையில் உள்ளது. விலைக் குறைப்பை அறிவிப்பவர், அதற்கு முந்தைய குறைந்தது 30 நாள்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைப் ‘பழைய விலை’யாகக் காட்ட வேண்டும் என்பது அதன் பொது விதி. அந்தக் குறைந்த விலையைச் சிறிய எழுத்தில் காட்டிவிட்டு, விழுக்காட்டை மட்டும் வேறொரு விலையிலிருந்து கணக்கிடவும் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இப்படி ஒரு விதி இல்லாத இடத்தில் வாழ்பவர்களும் இதே அளவுகோலைத் தாமாகவே பயன்படுத்தலாம்: கடந்த 30 நாள்களில் இருந்த மிகக் குறைந்த விலையைவிட இன்றைய விலை குறைவா என்று மட்டும் பாருங்கள். குறைவு என்றால் அது தள்ளுபடி. இல்லையென்றால் பட்டையில் எத்தனை விழுக்காடு எழுதியிருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம்.

கடிகாரத்தைச் சோதிப்பது

கடிகாரங்களில் உண்மையானவையும் உண்டு, வெறும் அலங்காரமும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஏறத்தாழ 11,000 வணிகத் தளங்களைக் கணினி வழியாக ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நேரம் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஓடும் கடிகாரங்களும், நேரம் முடிந்த பின்னும் அதே விலையில் நீடிக்கும் சலுகைகளும் பதிவாகியுள்ளன. 2023 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஆய்வு முடிவில், சோதித்த 399 இணையக் கடைகளில் 42 கடைகள் போலிக் கடிகாரம் வைத்திருந்தன. இந்தியா 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றில் பொய்யான அவசரத்தை முதலாவதாக வைத்துள்ளன.

சோதனை மிக எளிது. அதே பக்கத்தை உலாவியின் இன்காக்னிட்டோ சன்னலில் (பழைய உள்நுழைவுகளைப் பயன்படுத்தாத தனிச் சன்னல்), கணக்கில் உள்நுழையாமல் திறந்து பாருங்கள். அங்கே கடிகாரம் வேறு நேரத்தைக் காட்டினால், அல்லது பக்கத்தைப் புதுப்பித்ததும் முதலிலிருந்து ஓடினால், அந்தக் கடிகாரத்திற்கும் விலைக்கும் தொடர்பில்லை. உங்கள் கணக்கிற்கு மட்டும் வந்த தனிச் சலுகையாக இருந்தால் உள்நுழையாத சன்னலில் அது தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நேரம் முடிந்த மறுநாள் அதே பக்கத்தை மீண்டும் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை. பொருள் உங்களுக்கு உடனடியாகத் தேவையில்லாதபோது, ஒரு விற்பனையாளரை இப்படி ஒரு முறை கவனித்து வைத்தால், அவர் அடுத்து வைக்கும் கடிகாரத்தை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

உண்மையான கடிகாரமாக இருந்தாலும், எந்த நேரமண்டலத்தின்படி முடிகிறது, எந்தச் செயலுக்கான கெடு என்ற இரண்டையும் பாருங்கள். ‘நள்ளிரவு வரை’ என்பது உங்கள் ஊர் நள்ளிரவாக இல்லாமல், சந்தை இயங்கும் நாட்டின் நள்ளிரவாக இருக்கலாம். பெரும்பாலான இடங்களில் பொருளைக் கார்ட்டில் போடுவது அதை உங்களுக்காக ஒதுக்கிவைப்பதாகாது. பணம் செலுத்தி ஆர்டர் எண் வந்த பிறகுதான் அந்த விலை உங்களுடையது. மின்னல் சலுகைகளில் கார்ட்டில் போட்டதும் சில நிமிடங்களுக்கு மட்டும் பொருளைப் பிடித்துவைப்பார்கள். அந்த நேரத்திற்குள் பணம் கட்டாவிட்டால் அது காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் அடுத்தவருக்குப் போகலாம்.

முழுத் தொகையைக் கணக்கிடுங்கள்

பொருளின் பக்கத்தில் உள்ள விலையோடு நின்றுவிடாமல், பணம் செலுத்துவதற்கு முந்தைய திரை வரை சென்று, டெலிவரிக் கட்டணமும் வரியும் சேர்ந்த மொத்தத்தைப் பாருங்கள். தள்ளுபடியில் 700-க்குத் தரும் விற்பனையாளர் டெலிவரிக்கு 120 கேட்டால் மொத்தம் 820. தள்ளுபடியே அறிவிக்காமல் 790-க்கு, டெலிவரிக் கட்டணமின்றித் தருபவரிடம் வாங்குவது லாபம். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்குச் சுங்க வரி தனியாக வரக்கூடும் என்பதால், அது விலையில் சேர்ந்திருக்கிறதா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தள்ளுபடிகள் ஒன்றின்மேல் ஒன்றாக வரும்போது கூட்டல் கணக்கு உதவாது. 30 விழுக்காட்டுத் தள்ளுபடிக்குப் பிறகு கூடுதலாக 20 விழுக்காடு என்றால், 1000 முதலில் 700 ஆகிப் பிறகு 560 ஆகிறது. அதாவது மொத்தம் 44 விழுக்காடு, 50 அல்ல. வரிசையும் முக்கியம். 1000-இல் 20 விழுக்காடு குறைத்துவிட்டு 100-க்கான கூப்பனைக் கழித்தால் 700. கூப்பனை முதலில் கழித்துவிட்டு விழுக்காட்டைக் குறைத்தால் 720. எந்த வரிசை என்பதைச் சந்தைதான் தீர்மானிக்கிறது, ஆகவே இறுதித் திரையில் வரும் எண்ணை மட்டுமே நம்புங்கள்.

‘50% வரை’ என்ற சொற்றொடரில் ‘வரை’ என்பதைக் கவனியுங்கள். உச்சவரம்பு 150 என்று நிபந்தனையில் இருந்தால், 1000-க்கு வாங்கும்போது கிடைப்பது 15 விழுக்காடுதான். குறைந்தபட்சத் தொகை நிபந்தனை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. 1500-க்கோ அதற்கு மேலோ வாங்கினால் 200 குறையும் என்கிறார்கள். உங்களுக்குத் தேவையான பொருளோ 1000. அந்த 200-க்காக 500-க்கு வேறொன்றைச் சேர்த்தால், 1000 கொடுக்க வேண்டிய இடத்தில் 1300 கொடுக்கிறீர்கள். சேர்த்த பொருள் பட்டியலில் ஏற்கெனவே இருந்ததென்றால் சரி, இல்லையென்றால் அது செலவுதான். பிறகு அந்தக் கூடுதல் பொருளை மட்டும் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற எண்ணமும் பலிக்காது: மொத்தம் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போனால், பல சந்தைகள் கொடுத்த தள்ளுபடியைத் திரும்ப வரும் பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.

விற்பனையாளரையும் பொருளையும் சரிபார்ப்பது

விற்பனையாளரின் பெயரைத் தொட்டு அவருடைய பக்கத்திற்குச் செல்லுங்கள். எவ்வளவு காலமாக விற்கிறார் என்பதையும், மொத்த நட்சத்திரங்களைவிடக் கடைசி மூன்று மாதங்களில் வந்த மதிப்புரைகளையும் பாருங்கள். தாமதம், வேறு பொருள் வந்தது, ஆர்டர் ரத்தானது போன்ற புகார்கள் அண்மையில் அதிகரித்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது. மதிப்புரைகள் இந்தப் பொருளைப் பற்றியவைதானா என்றும் வாசியுங்கள். வேறு பொருளுக்கு வந்த பழைய மதிப்புரைகள் புதிய பொருளின் பக்கத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு.

நிறம், அளவு, கொள்ளளவு எனப் பல தெரிவுகள் உள்ள பக்கத்தில் காட்டும் குறைந்த விலை ஏதோ ஒரு தெரிவுக்கு மட்டும் உரியதாக இருக்கும். பல நேரங்களில் அது முக்கியப் பொருளாக இல்லாமல் அதற்கான உறையாகவோ உதிரிப் பாகமாகவோ இருக்கும். உங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்த பிறகு விலையை மீண்டும் பாருங்கள்.

கூடுதல் தள்ளுபடி தருவதாகச் சொல்லி, சந்தைக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பச் சொல்லும் விற்பனையாளரிடம் எந்தக் காரணத்திற்காகவும் வாங்கக் கூடாது. வெளியே போன பணத்திற்குச் சந்தையின் வாங்குபவர் பாதுகாப்பு பொருந்தாது. சலுகை பற்றிய செய்தி மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வந்தால், அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், செயலியை நீங்களே திறந்து அதே சலுகை அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். உண்மையான சலுகையாக இருந்தால் அது அங்கேயும் இருக்கும்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

உச்ச விலைக்குள் வருகிறது, மாடல் எண் சரி, விற்பனையாளர் சரி என்றால் தயங்காமல் வாங்கிவிடுங்கள். இன்னும் குறையுமோ என்று கடைசி நிமிடம் வரை காத்திருப்பதில் பயனில்லை. அந்த நேரத்தில் தளம் மெதுவாகும், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வரத் தாமதமாகும். பணம் செலுத்தும் முன், பொருளின் பக்கம், சலுகையின் நிபந்தனைகள், இறுதித் தொகை மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். சலுகை முடிந்ததும் அந்தப் பக்கம் மாறிவிடும் என்பதால் பிறகு எடுக்க முடியாது.

பணம் செலுத்தும்போது திரை பாதியில் நின்றுவிட்டால், சலுகை போய்விடுமே என்ற பதற்றத்தில் உடனே இரண்டாம் முறை செலுத்த வேண்டாம். முதலில் ஆர்டர் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் பாருங்கள். பணம் கழிந்து ஆர்டர் உருவாகாமல் இருந்தால் அது பொதுவாகச் சில வேலை நாள்களில் தானாகத் திரும்பும். வராவிட்டால் பரிவர்த்தனை எண்ணோடு சந்தையின் உதவிப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள்.

திருப்பி அனுப்பும் கெடுவை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளுபடியில் வாங்கியதைத் திரும்பப் பெறமாட்டோம் என்று சில விற்பனையாளர்கள் எழுதியிருப்பார்கள். அது செல்லுமா என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தையும் சந்தையின் விதிகளையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமலே 14 நாள்களுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டு, தள்ளுபடி அதைப் பறிப்பதில்லை. பொருள் பழுதாகவோ விவரித்ததற்கு மாறாகவோ வந்திருந்தால், தள்ளுபடியைக் காரணம் காட்டி மறுப்பதைச் சந்தைகள் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே பெட்டியைப் பிரிக்கும்போதே மாடல் எண்ணைச் சரிபார்த்து, குறை இருந்தால் படமெடுத்து, கெடுவுக்குள் சந்தையின் செய்திப் பெட்டி வழியாகவே எழுதுங்கள். தொலைபேசியில் பேசியதற்குப் பதிவு இருக்காது.

விற்பனையாளர் ‘விலை தவறாகப் பதிவாகிவிட்டது’, ‘சரக்கு தீர்ந்துவிட்டது’ என்று சொல்லி ஆர்டரை ரத்து செய்ய முற்படுவதும் உண்டு. அப்போது ரத்துக் கோரிக்கையை நீங்களே அனுப்பும்படி கேட்டால் அனுப்பாதீர்கள். வாங்கியவர் ரத்து செய்ததாகப் பதிவானால் அந்த ரத்து விற்பனையாளரின் கணக்கில் சேராது, உங்கள் புகாருக்கும் வலு இருக்காது. அவரே ரத்து செய்யட்டும். முழுப் பணமும், பயன்படுத்திய கூப்பனும் திரும்பி வந்ததா என்று பார்த்துவிட்டு, எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளோடு சந்தையின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். சில சந்தைகள் இத்தகைய நிலையில் காலாவதியான கூப்பனைப் புதுப்பித்துத் தருகின்றன, கேட்டால்தான் தருவார்கள்.